மெழுகில் எழுதிய வயல்வெளி

தேனடையைப் பிழிந்து தேனை வடித்துக்கொண்ட பின்னர் எஞ்சும் சக்கையை நம் குடியானவர்களுட் பலர் எருக்குழியில் எறிந்துவிடுகின்றனர். சிலர் அதனை நீரிலிட்டுக் காய்ச்சி, மெழுகைத் திரட்டி, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகின்றனர். 1 கிலோ மெழுகைச் சுரப்பதற்குத் தேனீக்கள் ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ வரை தேனை உண்ண வேண்டியிருக்கிறது என்று தேனீ வளர்ப்பில் வல்லவர்கள் கணக்கிடுகின்றனர். தேனை அளந்து விற்கும் நாம், அதனினும் அருமையாக உண்டாகும் மெழுகை அளவாமலே விட்டுவிடுகிறோம். நெசவாள அன்பர்கள் இல்லத்திலும் இதே கதைதான். பாவு முடிந்து துணியை அறுத்தெடுத்தபின் தறியில் எஞ்சும் நூல் நுனிகள், சாயம் ஏறிய நல்ல பருத்தி நூலாயிருந்தும், அடுப்பு மூட்டவோ விளக்குத் துடைக்கவோ போய்விடுகின்றன.

இவ்விரண்டும் ஒரு பலகையின்மேல் ஒன்று சேர்ந்தால் ஏரியும் கரையும் வயலும் வானமும் ஆகும் என்று எவரேனும் சொன்னால் நம் அங்கத்தினர்கள் நகைப்பார்கள். நாமும் முதலில் நகைத்தோம். பின்னர், தை மாதம் தொடங்கிப் பங்குனி முடிய, வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில், ஓர் அன்பர் இல்லத்துப் பின்கட்டில் அடுப்பு வைத்துக்கொண்டு, நெசவாளர் சிலரும் குடியானவர் சிலருமாகச் சேர்ந்து இக்கலையைப் பயின்று பார்த்தோம். முற்றும் கற்றுத் தேர்ந்தோம் என்று சொல்லத் துணியமாட்டோம். எரிந்தது, உரிந்தது, கருகியது எல்லாம் உண்டு. எனினும் கண்டவற்றைக் கண்டவாறே எழுதி வைப்பது கடமை என்று கருதுகிறோம். அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

இக்கலைக்கு மேலைநாட்டார் இட்ட பெயர் என்காஸ்டிக் என்பது. 'சூட்டினால் பதித்தல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. தேன்மெழுகை உருக்கி, அதில் வண்ணப் பொடியைக் கலந்து, சூடாறுமுன் பலகையில் தீட்டி, தீட்டியதை மறுபடியும் சூடு காட்டி அடித்தளத்தோடு ஒன்றாக்குவதே இதன் முறை. நாம் இதனைச் சுடுமெழுகு ஓவியம் என்று வழங்குவோம். எகிப்து நாட்டில் ஃபாயூம் என்னும் பகுதியில், கி.பி. 1 முதல் 3 ஆம் நூற்றாண்டு வரையில் இறந்தோரின் முகங்களை மெல்லிய மரப்பலகைகளில் இவ்வாறு எழுதி, பதனிட்ட உடலோடு வைத்துக் கட்டினார்கள். 1888 ஆம் ஆண்டில் பிளிண்டர்ஸ் பெட்ரி என்னும் ஆங்கிலேய அறிஞர் அங்கே ஹவாரா என்னுமிடத்தில் அகழ்ந்தபோது அத்தகைய முகங்கள் பல வெளிப்பட்டன. பதினேழு, பதினெட்டு நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் கண்ணின் ஒளியும் கன்னத்தின் நிறமும் மங்கவில்லை. தேன்மெழுகு நீரை ஏற்பதில்லை, எளிதில் கெடுவதுமில்லை. அதுவே இரகசியம்.

பிற்காலத்தில் ஐரோப்பாவில் இம்முறை மறக்கப்பட்டது. 1755 ஆம் ஆண்டில் கேலூஸ் என்னும் பிரெஞ்சுப் பிரபு, பழைய கிரேக்க ஏடுகளையும் உரோமானிய ஏடுகளையும் துருவித் துருவிப் பார்த்து, இதனை மீண்டும் உயிர்ப்பிக்க ஒரு நூல் வெளியிட்டார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1954-55 இல், அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் செய்தித்தாள் துண்டுகளைத் துணியில் ஒட்டி, அவற்றின்மேல் வண்ண மெழுகைப் பூசித் தம் நாட்டுக் கொடியை எழுதினார். துணி, தாள், மெழுகு, ஒட்டுப்பலகை ஆகிய எல்லாம் சேர்ந்த அந்தப் படம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. இன்று பலவகைப் பொருள்களை மெழுகில் பதித்து நிலக்காட்சி எழுதுவோர் பல நாடுகளிலும் உள்ளனர்.

எகிப்தும் அமெரிக்காவும் இருக்கட்டும், நமக்கென்ன என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

தனி மெழுகு மிருதுவானது. நகம் பட்டாலும் தடம் விழும். அதனைச் சிறிது கடினமாக்குவதற்காக மேலைநாட்டு ஓவியர்கள் டாமர் என்னும் மரப்பிசினைச் சேர்க்கின்றனர். அந்தப் பிசினின் நெருங்கிய உறவினர் நம் இல்லங்களில் வெள்ளிக்கிழமைதோறும் புகைகிறார். குங்கிலியம் என்பது அவர் பெயர். மேலும், சுவாமிமலைச் சிற்பிகள் செப்புத் திருமேனி வார்ப்பதற்கு முன் அதன் உருவத்தை மெழுகில்தானே செய்கிறார்கள்? அந்த மெழுகில் என்ன கலக்கிறார்கள்? தேன்மெழுகும் குங்கிலியப் பொடியும் எண்ணெயும். காவிரிக்கரைச் சிற்பியும் அமெரிக்க ஓவியரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஏறக்குறைய ஒரே பாகத்தைக் காய்ச்சி வருகின்றனர். சிற்பியின் மெழுகு மண்ணுக்குள் உருகி மறைந்துபோகிறது. ஓவியரின் மெழுகு பலகையில் நிலைத்து நிற்கிறது. வேற்றுமை அவ்வளவே.

இதனினும் நெருக்கமான சான்று நம் புதுவையிலேயே இருக்கிறது. அல்லது, இருந்தது என்று சொல்வதே பொருந்தும். பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து சித்திரத் துணிகள் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றன. அத்துணிகளின் வண்ணம் எத்தனை முறை துவைத்தாலும் போகாதது எப்படி என்று அங்குள்ளோர் வியந்தனர். 1734 ஆம் ஆண்டளவில் போலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, துய்ஃபே என்னும் இரசாயன அறிஞரின் வேண்டுகோளின்படி, புதுச்சேரியில் ஒரு சித்திரத் துணியைத் தம் கண்முன்னே தீட்டச் செய்தார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அத்துணியில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டு, செய்முறையைப் பக்கத்திலேயே எழுதினார். அத்துண்டுகள் இன்றும் பாரிஸில் ஒரு நூற்சாலையில் பத்திரமாக இருக்கின்றன. அவருக்குச் சில ஆண்டுகள் பின்னர், கேர்தூ என்னும் பாதிரியார், துணி தீட்டுவோரிடம் கேட்டறிந்து, 1742 இல் ஒரு நீண்ட கடிதமாகவே எல்லாவற்றையும் எழுதியனுப்பினார்.

அவர்கள் எழுதியதன் சாரம் நெசவாளருக்குப் புதிதன்று. துணியைக் கடுக்காய் நீரிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர். கோடுகளை இரும்புக் கரைசலாலும், சிவப்பு வேண்டிய இடங்களைப் படிகாரத்தாலும் எழுதிச் சாயவேரில் காய்ச்சுவர். பின்னர் நீலம் ஏற வேண்டிய இடங்களை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் உருக்கிய மெழுகால் மூடுவர். அவுரித் தொட்டியில் துணியை அமிழ்த்தினால் மெழுகு பட்ட இடம் வெளுப்பாகவே நிற்கும். கொதிநீரில் மெழுகை நீக்கிய பின், இறுதியில் மஞ்சளைத் தீட்டுவர். நீலத்தின்மேல் மஞ்சள் விழுந்த இடம் பசுமையாகும். பிரெஞ்சுப் பிரபு ஏடுகளைத் துருவி மெழுகைத் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில், பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த நம் ஊரில் உருகிய மெழுகு அன்றாடத் தொழிற்பொருளாயிருந்தது!

அந்தத் துணியைத் தீட்டியவர் பெயர் என்ன? எவரும் எழுதவில்லை. வெட்டி எடுத்தவர் பெயர் இருக்கிறது; தீட்டியவர் பெயர் இல்லை. தொழிலும் இங்கே நிற்கவில்லை. ஐரோப்பாவில் எந்திர அச்சுத் துணி பெருகியபோது கையால் தீட்டுவோரின் வாழ்வு குன்றியது. இன்று அந்த வித்தையைப் படித்தறிய வேண்டுமானால் பிரெஞ்சு மொழியில் இருக்கும் ஏட்டைத்தான் புரட்ட வேண்டும். நாம் கண்டவாறே எழுதி வைப்பது கடமை என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். கற்றது சிறிதாயினும், அதனைக் கற்றவரே தம் மொழியில் எழுதி வைக்கட்டும் என்பது நம் எண்ணம்.

காய்ச்சும் பாகம்

முதலில் மெழுகைச் சுத்தம் செய்ய வேண்டும். அடையைப் பழந்துணியில் மூட்டையாகக் கட்டி நீரிலிட்டுக் காய்ச்சினால் மெழுகு மேலே மிதக்கும். ஆறவிட்டால் வில்லையாகத் திரளும். அடிப்பக்கத்து அழுக்கைச் சுரண்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை காய்ச்சி வடிகட்டுவது நலம். இரும்புச் சட்டியும் செப்புப் பாத்திரமும் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். எவர்சில்வர் பாத்திரமே தக்கது. வெளுப்பான மெழுகு வேண்டுமாயின் மெல்லிய சீவலாகச் சீவி வெயிலில் பரப்பினால் நாளடைவில் மஞ்சள் நிறம் குறையும். பாகூர்ப் பக்கத்து அன்பர் ஒருவர் கொண்டுவந்த மெழுகு நல்ல மஞ்சளாக இருந்தது. அதனை வெளுக்க நமக்கு மனம் வரவில்லை; அறுவடை வயலுக்கென்றே தனியே எடுத்து வைத்தோம்.

மெழுகு 8 பங்கு, குங்கிலியம் 1 பங்கு என்பது பொதுவான நிறை அளவு. குங்கிலியத்தை நுணுக்கிச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மெல்லிய தீயில் பொறுமையாகக் கிளற வேண்டும். மெழுகு உருகும் சூட்டினும் குங்கிலியத்துக்குச் சற்று மிகுதியான சூடு வேண்டும். மரப்பட்டையும் தூசியும் அதில் கலந்திருக்குமாதலின், சூட்டோடு சூடாகப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவது இன்றியமையாதது. கடைச்சரக்குக் குங்கிலியம் சில சமயம் பாகத்தைப் பழுப்பாக்கிவிடுகிறது. வானத்துக்கு வேண்டிய பாகத்துக்கு வெளுப்பான துண்டுகளை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பது நல்லது.

பாகம் ஆயத்தமானபின் தீட்டுவதற்கு அதனை உருகிய நிலையில் வைத்திருக்க வேண்டுமல்லவா? இங்கேதான் முதல் தவறு செய்தோம். சட்டியை நேரே அடுப்பில் வைத்தோம். பேச்சில் ஈடுபட்டிருந்தோம். சிறிது நேரத்தில் கண் எரிந்தது, தொண்டை கமறியது, மெழுகு புகைந்து கருத்தது. அன்றைய உழைப்பும் அரைக்கிலோ மெழுகும் போயின. தேன்மெழுகு 62 முதல் 64 பாகை சென்டிகிரேடில் உருகும். தீட்டுவதற்கு 75 முதல் 90 பாகை வரை போதும். அதற்குமேல் ஏற ஏறக் கேடான புகை கிளம்பும். வெப்பமானி இல்லாதவர்கள் கலங்க வேண்டுவதில்லை. அகன்ற பாத்திரத்தில் நீர் கொதிக்க, அதனுள் சிறு கிண்ணங்களில் வண்ண மெழுகை வைத்துவிட்டால், நீர் 100 பாகையைத் தாண்டாதாகையால் மெழுகும் தாண்டாது. சன்னல் கதவுகள் திறந்திருக்க வேண்டும். தப்பித் தவறி மெழுகில் தீப்பிடித்தால் எக்காரணத்தாலும் நீரை ஊற்றலாகாது. மூடியால் மூடுக, அல்லது உலர்ந்த மணலைக் கொட்டுக. பக்கத்தில் ஒரு தட்டும் ஒரு கூடை மணலும் வைத்துக்கொள்ளாமல் அடுப்பு மூட்ட வேண்டாம்.

வண்ணத்துக்குக் காவிக்கல் பொடி, விளக்குக் கரி, வெண்சுண்ணப் பொடி, அவுரி நீலம் ஆகியவற்றைக் கொண்டே தொடங்கினோம். உலர்ந்த பொடியாக இருத்தல் வேண்டும். நீரில் கரைத்த வண்ணம் மெழுகில் சேராது. செந்தூரத்தில் ஈயமும் அரிதாரத்தில் பாஷாணமும் உள்ளன. சித்திரக்காரர் பழங்காலத்தில் பயன்படுத்தியது உண்மைதான் என்றாலும், அடுப்பருகே அவற்றைக் கொண்டுவருதல் தகாது. பொடியைக் கலக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது நலம்.

பலகையும் ஓடும்

மெழுகு நிற்பதற்கு விறைப்பான தளம் வேண்டும். அத்தளம் மெழுகைக் குடிக்கவும் வேண்டும். வளையும் துணியில் மட்டும் தீட்டினால் வெடித்து உதிரும். நாம் ஒரு பலகைக்குச் சுவருக்குப் பூசும் பிளாஸ்டிக் வண்ணத்தை அடித்தளமாகப் பூசி, அது வெண்மையாக இருக்கிறதே என்று மகிழ்ந்து, அதன்மேல் மெழுகைத் தீட்டினோம். மறுநாள் காலையில் மூலையைத் தொட்டதும் வானம் முழுவதும் அப்பளம்போல் உரிந்து வந்துவிட்டது. வண்ணம் பூசாத ஒட்டுப்பலகை நன்றாகக் குடித்தது. அதன்மேல் கஞ்சி போகத் துவைத்த துணியைப் பரப்பி, சூடான தெளிந்த மெழுகைப் பூசினால், துணியும் பலகையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. கஞ்சி போகாத துணியில் மெழுகு சரியாக ஊறவில்லை. இதனை நாம் கண்டுபிடிப்பதற்கு முன்பே நம் நெசவாளர்கள் சொல்லிவிட்டார்கள், நாம்தான் கேட்கவில்லை.

பலகையினும் நன்றாக நின்றது சுடுமண் ஓடு. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பதும், புதுவைச் சுடுமண் சிற்பி வி. கே. முனுசாமி 2020 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார் என்பதும் அன்பர்கள் அறிந்தனவே. மெருகிடாத தட்டையான சுடுமண் வில்லையைச் சிறிது சூடாக்கிவிட்டு மெழுகைத் தீட்டினால் மண் அதனை ஆவலோடு உறிஞ்சிக்கொள்கிறது. மண்ணின் செந்நிறத்தையே கரைமேட்டுக்கு விட்டுவிடலாம், காவிப்பொடியும் மிச்சம். கனம்தான் ஒரு குறை. தவறி விழுந்தால் சொல்ல வேண்டுவதில்லை.

ஒவ்வொரு பூச்சும் முடிந்தபின் மறுபடியும் சூடு காட்டி, கீழ்ப் பூச்சோடு அதனை இணைக்க வேண்டும். இதுவே இக்கலையின் உயிர்நிலை. இணைக்காத பூச்சு தனித்தனி ஏடாகப் பிரியும். மேலைநாட்டார் இதற்கு மின்சார வெப்பக்காற்றுக் கருவியைப் பயன்படுத்துகின்றனர். இஸ்திரிப் பெட்டியும் பயன்படும் என்று அறிந்து, கரி போடும் இஸ்திரிப் பெட்டி ஒன்றை எடுத்தோம். வானத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெட்டியின் துளை வழியே சாம்பல் பறந்து வெண்மெழுகில் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிட்டது. தைமாதத்து ஏரியில் பறவைக் கூட்டம் எழுந்ததுபோல் இருக்கிறது என்று இளைஞர் ஒருவர் தேற்றினார். நாம் அதற்கு இசையவில்லை, சுரண்டி எடுத்தோம். பின்னர் மின்சார இஸ்திரியையே, மிகக் குறைந்த சூட்டில் வைத்துப் பயன்படுத்தினோம்.

எதனை எழுதுவது?

கருவி கைவந்ததும் கேள்வி பிறந்தது. முதல் நாள் எழுதச் சொன்னபோது அறுவரில் நால்வர் பனிமலை எழுதினார்கள். மலை, மலையிடுக்கில் பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, ஆற்றோரம் ஓட்டுக்கூரை வீடு. நாட்காட்டிப் படத்தில் கண்டதைக் கை தானே எழுதுகிறது. பாகூரில் மலை எங்கே இருக்கிறது? நாம் வாழும் நிலம் தட்டையானது. ஏரிக்கரையே இங்கு உயர்ந்த மேடு. பனைமரமே நெடிய பொருள். இத்தகைய நிலத்தை எழுதுவது எளிதன்று. ஆனால் மெழுகுக்கு இது மிகவும் ஏற்றது என்பதைப் பழகப் பழக உணர்ந்தோம். இங்கே எல்லாம் கிடைக்கோடு: வானம், மரவரிசை, நீர், வரப்பு, வயல், மீண்டும் வரப்பு. பூச்சுப் பூச்சாக ஏறும் மெழுகும் அவ்வாறுதானே படிகிறது?

ஆதலின் எல்லோருமாகப் பாகூர் ஏரிக்கரைக்குச் சென்றோம். தென்பெண்ணையின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வந்து நிரப்பும் ஏரி அது. மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து நவரை நடவு பசுமை பிடித்திருந்த வேளை. இரண்டு மணி நேரம் எதையும் எழுதாமல் பார்த்துக்கொண்டிருங்கள் என்றோம். குடியானவர்களுக்கு அது கடினமாயிருந்தது. ஒருவர் மதகைப் பார்த்தார். மற்றொருவர் யாருடைய வயலில் களை எடுக்கவில்லை என்று பார்த்தார். பார்க்கத்தானே வந்தோம், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம். களை எடுக்காத அந்த வயல்தான் பின்னர்ப் படத்தில் மிக நன்றாக வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

நீரை எப்படி எழுதுவது என்று நெடுநேரம் தடுமாறினோம். நீல மெழுகைப் பூசினால் அது சுவர்போல் நின்றது. முடிவில், நீலக் கைலித் துண்டு ஒன்றைப் பலகையில் பதித்து, வண்ணமே கலவாத தெளிந்த மெழுகை மூன்று பூச்சுப் பூசி, இஸ்திரியால் மெதுவாக இழுத்தோம். தெளிந்த மெழுகினூடே ஊடை நூல் வரிகள் மங்கலாகத் தெரிந்தன. காற்றில்லாத காலை நேரத்து ஏரி அதுவே! நெய்த துணியே அலையாகும் என்று நாம் திட்டமிடவில்லை. அது தானாக நேர்ந்தது.

பச்சைதான் எல்லோரையும் சோதித்தது. கடையில் வாங்கிய பச்சைப்பொடியைக் கலந்தோம். கதவுக்குப் பூசும் வண்ணம்போல் கண்ணைக் குத்தியது. வெண்மையைச் சேர்த்தால் சோகை பிடித்தது. கரியைச் சேர்த்தால் பாசியாயிற்று. பயில வந்தோரில் அறுபது வயதைக் கடந்த நெசவாள அம்மையார் ஒருவர் இருந்தார். சிறு வயது முதல் தார் சுற்றிய கை. அவர் அதுவரை வாய் திறக்கவில்லை.

"தம்பி, மயில்கழுத்து நிறம் வேண்டும் என்றால் நாங்கள் நூலுக்கு மயில்கழுத்துச் சாயமா போடுகிறோம்? பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று. இரண்டும் கலப்பது கண்ணில்தான்" என்றார்.

"சரி அம்மா, இங்கே பாவும் ஊடையும் ஏது?" என்று கேட்டோம்.

"கீழே நீலத்தைப் போடுங்கள். அதன்மேல் உங்கள் பாகூர் மெழுகை வெளுக்காமல் அப்படியே ஊற்றுங்கள்" என்றார்.

அவ்வாறே அவுரி நீலத்தை மெல்லிதாகப் பூசி, அதன்மேல் இயற்கை மஞ்சள் மெழுகை இரண்டு பூச்சு ஏற்றினோம். சூடு காட்டியதும் மஞ்சளினூடே நீலம் மேலெழுந்து, நாற்று வேர்பிடித்த பத்தாம் நாள் பசுமை பலகையில் வந்து நின்றது. அன்று அங்கிருந்த ஒருவரும் பேசவில்லை. நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டிப் பச்சையாக்கும் வித்தையைப் போலியூவின் ஏட்டில் நாம் படித்திருந்தோம், படித்தும் பயன்படவில்லை. அம்மையார் அந்த ஏட்டின் பெயரையும் கேள்விப்பட்டதில்லை.

அதன்பின் வேலை விரைவாக நடந்தது. பச்சை, மஞ்சள் நூல் நுனிகளைச் சாண் அளவில் நறுக்கி, சூடான மெழுகில் தோய்த்து, வரிசை வரிசையாக அழுத்தினால் நடவு வரிசை. வரப்புக்கு வயல் மண்ணையே உலர்த்திச் சலித்து மெழுகில் குழைத்தோம். வைக்கோல் துணுக்கு, பனைநார் எல்லாம் பதியும். ஆனால் ஈரம் துளியும் இருத்தலாகாது. ஈரமிருந்தால் சூடு காட்டும்போது நீராவி குமிழ்விட்டுப் பூச்சைத் தூக்கிவிடும். தூரத்துப் பனைகளுக்கு ஊசியால் மெழுகைக் கீறி, எண்ணெயில் குழைத்த கரியைக் கீறலில் தேய்த்து, மேலே படிந்ததைத் துணியால் துடைத்தோம். கீறலில் மட்டும் கருமை நின்றது. தவறாயின் அந்த இடத்தைச் சூடுகாட்டினால் கோடு மறைந்துவிடும். பிழை திருத்த இவ்வளவு இடம் கொடுக்கும் வேறு சித்திரமுறையை நாம் அறியோம்.

விற்குமா?

அங்கத்தினர் கேட்கும் கேள்வி இதுதான் என்பது நமக்குத் தெரியும். இதற்கு விடையாக ஒரு வரலாற்றைச் சொல்வோம். சென்னை அரசினர் கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் அவர்களும் அவரைச் சூழ்ந்த இளம் ஓவியர்களும் 1966 ஆம் ஆண்டில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். அக்காலத்தில் ஓவியம் விற்றுப் பிழைப்பது அரிது. ஆகவே அவர்கள் கைத்தொழிற் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டு, பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். பாத்திக் என்பது மெழுகால் மறைத்துச் சாயமிடும் வேலையே. அந்த வருவாயைச் சேர்த்துக் கடலோரத்து மணல் நிலத்தை வாங்கி, வீடுகளும் பணிக்கூடங்களும் எழுப்பினர். புதுவைக்கு நம் அன்பர்கள் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்திலேயே அது இன்றும் இருக்கிறது. மெழுகையும் துணியையும் கொண்டு ஒரு கூட்டத்தார் கூட்டாக நிலம் வாங்கினார்கள் என்பது கூட்டுறவாளர் எவரும் நெஞ்சில் கொள்ளத்தக்க செய்தி.

ஆனால் அவர்கள் ஓவியம் கற்றுத் தேர்ந்தவர்கள். நாம் ஒரு குளிர்காலத்தில் அடுப்பூதப் பழகியவர்கள். ஆதலின், நாளையே மெழுகோவியத்தால் தறிக்கூலி இரட்டிக்கும் என்று எவரேனும் பேசினால் நம்ப வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறோம். நகரத்து விடுதிகளிலும் கடைகளிலும் இத்தகைய படங்களை வாங்குவோர் உண்டு. எனினும் வாங்குவோர் இன்று நீலம் கேட்பர். நாளை வேறு கேட்பர். அவர்கள் கேட்டதையெல்லாம் எழுதத் தொடங்கினால் மறுபடியும் பனிமலையே வந்து சேரும். மற்றொன்றையும் கருத வேண்டும். வில்லியனூர்ப் பக்கத்திலும் பாகூர்ப் பக்கத்திலும் வயல்கள் மனைகளாகி வருகின்றன. நாம் எழுதிய வயல்களில் ஒன்றின் மூலையில் இப்போதே எல்லைக்கல் நட்டிருக்கிறது. அந்தக் கல்லையும் எழுதலாமா என்று நம்மிடையே வாக்குவாதம் நடந்தது. இருப்பதை எழுதுவதென்றுதானே புறப்பட்டோம்? எழுதினோம்.

விற்பனைக்கு முன் தீர்க்க வேண்டிய ஐயம் வெயில்தான். மெழுகு 62 பாகைக்குக் கீழ் உருகாது என்பது மெய். ஆனால் அதற்கு வெகுமுன்பே இளகத் தொடங்கிவிடும். இளகினால் தூசி ஒட்டும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் பிடித்துக்கொள்ளும். மூடிய மோட்டார் வண்டியில் நண்பகலில் விட்டுவைத்தால் அதோகதி. புதிய படத்தின்மேல் சில வாரங்களில் வெண்படலம் படரும். அதற்கு அஞ்ச வேண்டாம், மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் பளபளப்பு மீளும். வெயிலுக்குத்தான் விடை தெரிய வேண்டும். வாங்கியவர் வீட்டுச் சுவரில் நம் ஏரி வழிந்தோடினால் அது ஒருவரோடு போகும் பழியன்று. சங்கத்தின் பெயரோடு போகும்.

ஆகையால் மூன்று பலகைகளைத் தெரிந்தெடுத்தோம். ஒன்று கூரை வீட்டிலும், ஒன்று ஓட்டு வீட்டிலும், ஒன்று தகரக் கொட்டகையில் மேற்குச் சுவரிலும் தொங்குகின்றன. முன்னிரண்டும் 8 பங்குக்கு 1 பங்கு குங்கிலியம் சேர்ந்தவை. தகரத்தின் கீழிருப்பது 5 பங்குக்கு 1 பங்கு. குங்கிலியம் கூடினால் கடினம் கூடும். ஆனால் அளவு மீறினால் நொறுங்கும். கத்திரி வெயில் கழிந்து வைகாசி இறுதியில் அம்மூன்றையும் இறக்கிப் பார்த்து, கண்டதை இப்பக்கத்தில் வெளியிடுவோம். அதற்குள் அடை எடுக்கும் அங்கத்தினர்கள் சக்கையை எறியாமல் மெழுகைத் திரட்டி வைப்பார்களாக. கடை மெழுகுவத்தியை உருக்கி அதில் சேர்த்துவிடலாகாது. முன்பு ஒருவர் கொண்டுவந்த வில்லையில் அக்கலப்பு இருந்ததை, தொட்டதும் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்ததைக் கொண்டே அம்மையார் சொல்லிவிட்டார். சாய நூல் நுனிகளை நிறவாரியாக முடிந்து வைத்தால் போதும். நீலம் எவ்வளவு வந்தாலும் வேண்டும்.